முன் பிரேக் தொடாதவர்கள்

வத்தலக்குண்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவனுக்குப் பாதி வேலையைக் கொடைக்கானல் மலையே கொடுத்துவிடும். டம்டம் பாறை வளைவுகளில் இறங்கி வந்து, "அண்ணே, பின் பிரேக்கை மிதிச்சா அப்படியே உள்ளே போகுது, வண்டி நிக்கல" என்பார்கள். பின் சக்கரத்துக்கிட்டே கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஆறினால் சரியாகிவிடும். நான் குனிந்து பார்ப்பது முன் சக்கரத்தை.

பழைய வண்டி என்றால் அநேகமாக முன் பிரேக் கேபிள் துருவேறி இறுகிக் கிடக்கும். கேட்டால், "பிடிச்சா குப்புறத் தள்ளிடும்ணே, நான் தொடுறதே இல்ல" என்று பதில் வரும். சைக்கிள் காலத்துப் பயம். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்வதால், காய்ந்த ரோட்டில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. இறக்கத்தில் இன்னும் அதிகம். 2019 ஏப்ரலில் புது வண்டிகளுக்கு ஒரு விதி வந்தது: 125 சிசிக்கு மேல் என்றால் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம், மற்றவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது வேண்டும் என்று. பழைய வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய புல்லட்டில் இன்னொரு வம்பு: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் பழகிய கால் பதற்றத்தில் கியரைத்தான் மிதிக்கும்.

கடை வைத்த புதிதில் நானும் ஒரு தப்பு செய்தேன். டிரம்முக்கு வெளியே கேபிள் இழுக்கும் கேம் லீவர் இருக்கிறதே, உள்ளே ஷூக்களை விரிக்கும் கேமைத் திருப்புவது அதுதான்; பிரேக் பிடிக்கும்போது அதுவும் கேபிளும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் லைனிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வந்தவருக்கோ அவசரம், கையில் காசும் இல்லை. லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்தேன். பிரேக் கையில் நன்றாக டைட்டாக நின்றது. பத்து நாள் கழித்து அதே வண்டி குட்டியானையில் ஏறி வந்தது. தேய்ந்த ஷூவுக்கு நடுவே கேம் புரண்டு முன் சக்கரம் இறுகிவிட்டது. கடைத்தெருவில் மெதுவாக வரும்போது நடந்ததால் முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "புது ஷூ எவ்வளவுண்ணே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

அப்புறம் எவ்வளவு அவசரம் என்றாலும் டிரம்மைத் திறக்காமல் முன் பிரேக்கைத் தொடுவதில்லை. பையன்கள் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதப் போவார்கள், சத்தம் போடுவேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். கேமுக்குத் துளி கிரீஸ் போதும், கூடினால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கிவிடும்.

போன வாரம் ஒருவருக்கு ஷூ, கேபிள் எல்லாம் மாற்றி, ஓட்டியும் காட்டினேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பணம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பின் பிரேக்கையே பிடிச்சுக்கிறேன்ணே" என்றார்.