கோபன்ஹேகனில் ஒரு வெண்கலச் சூரியன்

டென்மார்க்கின் வெண்கலக் காலத்தைப் பார்க்க அருங்காட்சியகம் வரை போக வேண்டியதில்லை. கோபன்ஹேகன் நகர மன்றத்துக்கு அருகே உயரமான தூணின் உச்சியில் இருவர் நீண்டு வளைந்த லூர் என்னும் கொம்புகளை ஊதியபடி நிற்கிறார்கள். 1914இல் வைக்கப்பட்ட சிலை அது. கடைகளில் விற்கும் லூர்பாக் வெண்ணெயின் உறையிலும் அதே கொம்புகள் பின்னிப் பிணைந்திருக்கின்றன. 1797இல், கோபன்ஹேகன் அமைந்துள்ள ஜீலாந்து தீவின் வடபகுதியில், சதுப்பு நிலமொன்றில் கிடைத்த ஆறு லூர்களில் ஐந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆனால் அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, 1902இல் டிரண்ட்ஹோல்ம் சதுப்பு நிலத்தை உழும்போது வெளிப்பட்ட சூரிய ரதம்தான். கி.மு. 1400 வாக்கில் செய்யப்பட்ட அதில், ஆறு சக்கரங்கள் மேல் ஒரு வெண்கலக் குதிரை, சுமார் 25 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை இழுத்துச் செல்கிறது. தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய சுருள் கோலங்களுடன் தங்கப் பூச்சு இருக்கிறது. குதிரை வலப்புறம் நோக்கிப் போகும்போது அந்தப் பக்கம் நமக்குத் தெரியும், மறுபுறம் சென்று பார்த்தால் இருண்ட பக்கமே கண்ணில் படும். பகலில் கிழக்கிலிருந்து மேற்கே போகும் சூரியன் இரவில் ஒளியின்றித் திரும்புவதை இது காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காட்சிப் பெட்டியைச் சுற்றி வந்தால் அந்த விளக்கத்தை நம்பாமல் இருப்பது கடினம்.

இந்த ரதம் 1000 குரோனர் நோட்டிலும் இருந்தது. 2025 மே மாதத்துடன் அந்த நோட்டு செல்லாமல் போயிற்று. 200 குரோனர் நோட்டில் இன்றும் லாங்ஸ்ட்ரூப்பில் கிடைத்த சுருள் வேலைப்பாடுள்ள இடுப்புத் தகடு இருக்கிறது.

தன் அடையாளமாக இந்த நாடு தேர்ந்துகொண்ட இந்த வெண்கலப் பொருள்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்த உலோகத்தால் ஆனவை என்பதுதான் வேடிக்கை. வெண்கலம் செய்யத் தேவையான செம்பும் வெள்ளீயமும் தொலைதூரங்களிலிருந்து வந்தன; வடக்கிலிருந்து அம்பர் என்னும் புதைபடிவ மரப்பிசின் தெற்கே போயிற்று.

1921இல் எக்ட்வேத் என்ற ஊரில், கி.மு. 1370இல் புதைக்கப்பட்ட ஓக் மரப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்ட இளம்பெண்ணின் இடுப்பிலும் அப்படியொரு சுருள் தகடு உண்டு. கயிற்றுப் பாவாடையோடு படுத்திருக்கும் அவளே அயலூர்க்காரி, ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதியில் பிறந்தவளாக இருக்கலாம் என்று 2015இல் பல், முடி ஆகியவற்றிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தின் (வாழும் ஊரின் மண்ணிலிருந்து உணவு, நீர் வழியே உடலில் சேரும் தனிமம்) ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு ஓர் ஆய்வு சொன்னது. வயல்களில் இடும் சுண்ணாம்பு டென்மார்க் மண்ணின் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தையே மாற்றிவிட்டதால் அந்த ஒப்பீடு செல்லாது, அவள் உள்ளூர்ப் பெண்ணாகவே இருக்கலாம் என்று 2019இல் வேறு இருவர் மறுத்தார்கள். எனக்கு மறுப்பே வலுவாகப் படுகிறது. அவள் எந்த ஊரானாலும், இடுப்பிலிருந்த வெண்கலம் வெளியூர்ச் சரக்கு என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.