ஆயிரம் பவுண்டு இசைத்தட்டில் என்ன இருக்கிறது?

ஹங்கேரிய வயலின் கலைஞர் யோஹன்னா மார்ட்ஸி, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்காக இயற்றிய சொனாட்டா, பார்ட்டிட்டா என்ற வகைப் படைப்புகளை 1950களின் நடுவில் ஒலிப்பதிவு செய்தார். இங்கிலாந்தில் கொலம்பியா முத்திரையுடன் மூன்று எல்.பி. (வினைல் இசைத்தட்டு) தட்டுகளாக வந்த அதன் முதல் அச்சு, நல்ல நிலையில் இருந்தால் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுகளுக்குக் கைமாறுகிறது. அதே வாசிப்பைக் குறுந்தகட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ சொற்பத் தொகைக்குக் கேட்டுவிடலாம். அது ஸ்டீரியோகூட இல்லை, மோனோ. வெளிவந்த காலத்தில் குறைவாகவே விற்றதால் இன்று குறைவாகவே கிடைக்கிறது. அதைத் தேடுகிறவர்களோ உலகெங்கும் இருக்கிறார்கள். விலைக்கான காரணம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது.

அரிய பொருளுக்கு அரிய விலை கொடுப்பவர் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. அந்த விலையை ஒலித்தரத்தின் விலை என்று சொல்லி விற்கும்போதுதான் கேள்வி எழுகிறது. மேற்கத்திய செவ்வியல் இசையின் 'ஆடியோஃபைல்' ரக, அதாவது ஒலித்தரத்தில் தீவிர ஆர்வமுள்ளவர்களுக்கான, பதிப்புகளில் இந்தக் குழப்பம் நெடுங்காலமாகவே இருந்துவருகிறது.

குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை, 16 பிட் துல்லியத்தில் அளந்து பதிகிறது. மனிதக் காதுக்கு எட்டும் அதிர்வெண்கள் அனைத்தும் அதில் அடங்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியையும் அது தாங்கும். இது போதாது என்ற வாதத்துடன், இன்னும் நுணுக்கமாக ஒலியைப் பதியும் சூப்பர் ஆடியோ சிடி 1999இல் சந்தைக்கு வந்தது. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர், இத்தகைய உயர்தரத் தட்டுகளின் ஒலியை நேரடியாகவும், குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எது எதுவென்று கேட்போரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். அந்தச் சோதனையின் முறை மீது விமர்சனங்களும் உண்டு. ஆனால், உயர்தரம் வேண்டும் என்போர், வேண்டாம் என்போர் என அதை மேற்கோள் காட்டும் இரு தரப்பினரும் வசதியாக விட்டுவிடும் ஒரு கருத்து அதே கட்டுரையில் இருக்கிறது: உயர்தரத் தட்டுகள் பல, சாதாரணக் குறுந்தகடுகளைவிட உண்மையிலேயே நன்றாக ஒலித்தன, அவற்றைக் கவனமாக ஒலிப்பதிவு செய்து, கவனமாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச்சீரமைப்பு) செய்திருந்ததே அதற்குக் காரணம் என்கிறார்கள் ஆசிரியர்கள்.

என் வாதமும் அந்தக் கவனத்தைப் பற்றியதுதான். 1951இல் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒலிப்பதிவுப் பொறியாளர் ராபர்ட் ஃபைன், சிகாகோவின் ஆர்கெஸ்ட்ரா ஹாலில் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, ரஃபேல் குபெலிக் நடத்திய, ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்பைப் பதிவு செய்தார். ஸ்டீரியோ வந்தபிறகும் அந்நிறுவனம் மூன்று மைக்குகளுக்கு மேல் போகவில்லை. வாத்தியங்களுக்கிடையிலான சமநிலையை அங்கே இசை நடத்துநரும் அரங்கமும் தீர்மானித்தார்கள். பிற்பாடு யாரும் ஒலிக்கலவை மேசையில் உட்கார்ந்து அதைச் சரிக்கட்டவில்லை. டெக்கா நிறுவனத்தின் பொறியாளர் கென்னத் வில்கின்சன் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் செய்த பதிவுகளும் அத்தகைய கவனத்துக்குப் பெயர்பெற்றவை. (அந்த அரங்கின் அடியில் ஓடிய சுரங்க ரயிலின் உறுமல் சில பதிவுகளில் கேட்கும். பெருந்தொகை கொடுத்து முதல் அச்சை வாங்குபவருக்கு ரயிலும் சேர்ந்தே கிடைக்கிறது.) இந்த ஒலி, பதிவின்போதே உருவான மூலநாடாவிலேயே இருப்பது. எந்த மறுபதிப்பும் அதைக் கூட்ட முடியாது. கெடுக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் அதுவே பெரிய காரியம்.

ஒலியை அலையாகவே பதியும் அனலாக் சிறந்ததா, எண்களாக மாற்றிப் பதியும் டிஜிட்டல் சிறந்ததா என்ற சண்டையை இங்கே நீட்ட விருப்பமில்லை. 1970களின் இறுதியில் டெலார்க் நிறுவனம் வெளியிட்ட, பீரங்கி முழங்கும் சாய்கோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சர், எல்.பி. ரசிகர்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்க விரும்பி வாங்கிய தட்டு. அது டிஜிட்டலில் பதிவானது. 2022இல், பழைய பதிவுகளை மறுபதிப்பு செய்யும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்.பி.க்கள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது தெரியவந்தபோது, முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அதுவரை அவர்களுடைய காது அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கூடுதல் விலைக்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. எல்.பி.யில் ஊசி உட்புறம் நகர நகர, ஒவ்வொரு நொடியும் அதன் கீழ் ஓடும் பள்ளத்தின் நீளம் குறைந்து, சிதைவு கூடுகிறது. சிம்பொனிகளோ பெரும்பாலும் முழு வாத்தியக்குழுவும் முழங்கும் உச்சத்தில், சரியாக அந்த மோசமான இடத்தில்தான் முடிகின்றன. ஒரே படைப்பை நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் கூடுதல் பக்கங்களுக்குப் பரப்பி வெட்டினால் அந்தச் சிதைவு குறையும். அதற்கு ஆகும் செலவு காதில் கேட்கக்கூடிய செலவு. தட்டின் எடை 180 கிராமா 200 கிராமா என்பதற்கு அந்த அளவு மரியாதையை என்னால் தர முடியவில்லை.

புதிய ஒலிப்பதிவுகளின் கணக்கு வேறு. எண்பது, நூறு கலைஞர்களின் ஊதியம், அரங்க வாடகை, தயாரிப்பாளர், பொறியாளர், வாரக்கணக்கில் நீளும் எடிட்டிங் எல்லாவற்றையும் மிகச் சிறிய ஒரு ரசிகர் கூட்டத்திடமிருந்தே மீட்டாக வேண்டும். 1987இல் தொடங்கிய நாக்ஸோஸ் நிறுவனம் மலிவு விலையில் விற்க முடிந்ததற்கு, நட்சத்திரக் கலைஞர்களைத் தவிர்த்து, ராயல்டி இல்லாமல் ஒரே தொகையாக ஊதியம் கொடுத்தது முக்கியக் காரணம். அந்த விலைக்குறைப்பின் ஒரு பகுதியைக் கலைஞர்கள் சுமந்தார்கள்.

ஆகவே, ஒரே பதிவைக் குறுந்தகட்டுத் தரம், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 அளவீடுகள்), 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று விலைகளில் பதிவிறக்கத்துக்கு வைத்திருக்கும் பக்கங்களில், நான் பெரும்பாலும் முதலாவதையே வாங்குகிறேன். மிஞ்சும் தொகையில் இன்னொரு குழுவின் புதிய பதிவு ஒன்று வந்துவிடுகிறது.