குளிர் ஸ்டார்ட்டில் ஒரு டிக்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காலை ஆறு மணி. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, இப்பத்தான் வாங்கின யூஸ்டு கார். சாவியைத் திருகினதும் ரெண்டு வினாடி கரகரன்னு ஒரு சத்தம். அது அடங்கினதும் டிக், டிக், டிக். ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா வேகமாகுது. இன்ஜின் குளிரா இருக்குன்னு காட்டுற நீல விளக்கு அணைஞ்சு கொஞ்ச நேரத்துல டிக் காணாமப் போகுது. 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், டைமிங் பெல்ட் கிடையாது, செயின். மீட்டர் 71,000 கி.மீ. காட்டுது. கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ஞ்சிருக்கிற லட்சணத்துக்கு ஒரு லட்சம் தாண்டியிருக்கும்.

ஜனவரி 6, திங்கள்

"டப்பட்டுதாண்ணே. ஹெட்டை இறக்கிருவோம்."

மதுரை காளவாசல் வரை ஓட்டிட்டு வந்த சூடான இன்ஜினைக் கேட்டுட்டு மெக்கானிக் சொல்ற வார்த்தை இது. டப்பட்ங்கிறது வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்; ஹெட், இன்ஜினோட மேல்பாகம். சத்தமே இல்லாத நேரத்துல எதைக் கேட்டு டப்பட்னு முடிவு பண்றது? குளிர்ல வர்ற சத்தம்னா வண்டியை முதல் நாள் ராத்திரியே பட்டறையில விட்டுடணும். காலையில மெக்கானிக் கையாலேயே ஸ்டார்ட் பண்ணணும். இல்லாட்டி எல்லாமே ஊகம்.

ஜனவரி 7, செவ்வாய்

பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு இன்ஜினோட முக்கியத் தண்டான கிராங்க்ல சேர்ற இடத்து பேரிங்) போயிருந்தா சூடாக ஆக சத்தம் கூடும், ஏன்னா ஆயில் இளகும். மேட்டுல இழுக்கும்போது இடிக்கும். இது நேர்மாறு. சூட்டுல அடங்குற சத்தம்னா மூணு ஆள் மேல சந்தேகம். பிஸ்டன் ஸ்லாப்: பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டர் துளைக்குள்ள கச்சிதமா உட்கார்றவரைக்கும் பக்கவாட்டுல தட்டும், ஆனா அது மொத்தையான சத்தம். டப்பட். அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்கள்ல இருந்து புகையை வெளியே கொண்டுபோற குழாய்த் தொகுப்பு) கசிவு: இரும்பு விரிஞ்சதும் சந்து மூடிக்கும், சத்தம் நிக்கும். இந்த மூணாவது ஆளோட சத்தம் டப்பட் மாதிரியே கேட்கும். ஹெட்டை இறக்கி, பில்லையும் கட்டி, அதே டிக்கோட வண்டியைத் திருப்பி எடுக்கிறவங்க பலர் இந்தக் கசிவுல ஏமாந்தவங்கதான்.

ஜனவரி 8, புதன்

27-க்கு முன்னாடி வண்டி வேணும்.

ஜனவரி 9, வியாழன்

ஆயில். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்ல இருந்து சொட்ட மாட்டேங்குது, தேன் மாதிரி இழுபடுது. மேனுவல் சொல்றது 5டபிள்யூ-30, இளகின ரகம். உள்ள இருக்கிறது 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ரகமாத்தான் இருக்கணும். விற்கிறதுக்கு முன்னாடி சத்தத்தை அமுக்க கெட்டி ஆயில் ஊத்துறது யூஸ்டு கார் சந்தையில பழைய வித்தை. ஆனா கெட்டி ஆயில் குளிர்ல மெதுவா ஏறும். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்றது. பிரஷர் வர்றதுக்குள்ள செயின் தளர்ந்து கவர்ல உரசும். அந்த ரெண்டு வினாடி கரகரப்புக்கு இதுவே போதும்.

பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தாச்சு. மடிப்பை விரிச்சு வெயில்ல காட்டணும். செம்பு நிறத்துல மினுக்கினா பேரிங். காந்தத்துல ஒட்டுற தூள் இரும்பு. ஒட்டாத வெள்ளி நிறம் அலுமினியம், அதாவது பிஸ்டன் பக்கம். இதுல மூணும் இல்லை, கரிதான். நிம்மதி.

ஜனவரி 10, வெள்ளி

புது ஆயில், புது ஃபில்டர். கரகரப்பு போயிருச்சு. டிக் அப்படியே.

ஜனவரி 11, சனி

டாக்கோமீட்டர் நிமிஷத்துக்கு 1200 சுத்துல (ஆர்.பி.எம்.) நிக்கும்போது ஃபோன்ல பதிவு பண்ணி, நாலுல ஒரு பங்கு வேகத்துல ஓட்டி எண்ணினா வினாடிக்கு 10 டிக். கிராங்க் வினாடிக்கு 20 சுத்து. அப்போ ரெண்டு சுத்துக்கு ஒரு டிக். கிராங்க், பிக் எண்ட் பக்கம் இல்லைன்னு எடுத்துக்கலாம். 1800-க்கு ஏத்தினா 15 டிக். பெட்ரோல் ஆவியை இழுக்கிற பர்ஜ் வால்வும் டிக் டிக்னு அடிக்கும், ஆனா அது ஆர்.பி.எம். கூடவே இப்படி ஏறாது.

தொந்தரவு என்னன்னா, வால்வும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும், ஒரு சிலிண்டரோட புகையும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெளியேறும். எண்ணிக்கையை வச்சு டப்பட்டையும் கசிவையும் பிரிக்க முடியாது.

ஜனவரி 12, ஞாயிறு

ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட். டிக் இருக்கு. ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், வாட்டர் பம்ப் எல்லாம் தப்பிச்சது. பெல்ட் இல்லாம ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட விடக்கூடாது, தண்ணி சுத்தாது.

ஜனவரி 13, திங்கள், போகி

பட்டறை இனி 20-ந் தேதிதான் திறக்கும். பார்ட்ஸ் கடையும் அப்படியே. வண்டியை வித்தவங்க மீதிப் பணம் கேட்டு பண்ற ஃபோன் மட்டும் லீவு விடாம வருது.

ஜனவரி 14, செவ்வாய்

ஊரே அவனியாபுரம் ஜல்லிக்கட்டுல. வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓ.பி.டி. ரீடரைச் சொருகிப் பார்த்தா, சூடான இன்ஜின், ஐட்லிங்ல ஃப்யூயல் டிரிம் (பெட்ரோல் அளவுல கம்ப்யூட்டர் செய்ற திருத்தம்) +11 சதவீதம், 2500 ஆர்.பி.எம்.ல +3. கம்ப்யூட்டர் 'காத்து ஜாஸ்தி'ன்னு நினைச்சு பெட்ரோலைக் கூட ஊத்துது. இன்டேக் பக்கம் கசிவு இருக்கலாம். இல்லை, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல ஓட்டை இருந்தா, புகைத் துடிப்புக்கு இடையில வெளிக்காத்தை உள்ள இழுத்து சென்சாரை ஏமாத்தும். கார்ப் கிளீனரை இன்டேக் ஹோஸ் சுத்தி அடிச்சும் ஆர்.பி.எம். அசையலை, இன்டேக் இல்லை. அப்போ எக்ஸாஸ்ட்தான், சூட்டுல சத்தம் அடங்கினாலும் ஓட்டை முழுசா மூடலை.

ஜனவரி 15, புதன்

ஒரு காலைக்கு ஒரே வாய்ப்பு. இன்ஜின் சூடாயிட்டா அடுத்த நாள்தான்.

ஓடும்போது ஒரு சிலிண்டரை மட்டும் நிறுத்திப் பார்க்கணும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர்ற காயில் கனெக்டரைப் பிடுங்கக்கூடாது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டரோட கனெக்டரைத்தான் கழட்டணும், அஞ்சு வினாடி போதும். செக் லைட் எரிஞ்சா ரீடர்ல அழிச்சுக்கலாம். ஒண்ணாவதுல மாற்றம் இல்லை. நாலாவது, கியர்பாக்ஸ் பக்கம்: டிக் பாதியா குறைஞ்சுது. டப்பட்டா இருந்தா குறையாது, பெட்ரோல் எரிஞ்சாலும் எரியாட்டியும் வால்வை இயக்குற கேம் தண்டு அதைத் தட்டும்.

ஜனவரி 16, வியாழன்

நீளமான ஸ்க்ரூ டிரைவரை வால்வு கவர்ல வச்சுக் காதைக் கொடுத்தா எங்கேயும் ஒரே அளவுதான். அது இரும்பு வழியா வர்ற சத்தத்துக்கான கருவி. காத்து வழியா வர்றதுக்கு அரை இன்ச் ரப்பர் ஹோஸ்: ஒரு முனை காதுல, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமா நகர்த்தணும். நாலாவது குழாய்கிட்ட சுத்தியலால அடிச்ச மாதிரி காதுல விழுந்துச்சு. வேட்டி கட்டிக்கிட்டு குனியாதீங்க, ரேடியேட்டர் ஃபேன் சொல்லிட்டுச் சுத்தாது.

ஜனவரி 17, வெள்ளி

மேனிஃபோல்ட் சூட்டை மறைக்கிற ஹீட் ஷீல்டு தகட்டைக் கழட்டியாச்சு. 10 மி.மீ. போல்ட்டெல்லாம் துரு. நாலாவது போர்ட் (சிலிண்டர்ல இருந்து புகை வெளியேறுற வாய்) ஓரத்துல விசிறி மாதிரி கரிப்படலம். உறுதிப்படுத்த, இன்ஜின் அணைஞ்சு குளிர்ந்த நிலையில, வேக்குவம் கிளீனரோட ஊதுற வாயைச் சைலன்சர்ல துணி சுத்தி வச்சு, மேனிஃபோல்ட் மேல சோப்புத் தண்ணி. நாலாவது போர்ட்ல நுரை கிளம்புது. மேனிஃபோல்டை ஹெட்டோட பிடிக்கிற மறைத்தண்டுகள்ல (ஸ்டட்) கடைசி ஸ்டட்ல நட்டே இல்லை, ஸ்டட் ஹெட்டோட மட்டத்துக்கு முறிஞ்சிருக்கு. மேனிஃபோல்ட் நீளவாக்குல விரிஞ்சு சுருங்கும், அதிகமா நகர்றது ரெண்டு ஓரமும்தான். ஓர ஸ்டட் முதல்ல போறதுக்குக் காரணம் அதுதான்.

கண்ணாடியை ஏத்திட்டு ஏ.சி. போட்டு வண்டியில தூங்க வேண்டாம். இந்தக் கசிவு கேபின் காத்து எடுக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கு.

ஜனவரி 18, சனி

மத்த நட்டுக்கெல்லாம் துரு இளக்குற ஸ்ப்ரே. காலையும் ராத்திரியும்.

ஜனவரி 20, திங்கள்

புதூர் தொழிற்பேட்டை, லேத் பட்டறை. முறிஞ்ச ஸ்டட்டை எடுக்கிற ஈஸி அவுட் போட்டுத் திருகினா அது உள்ளேயே முறியலாம், அப்புறம் அதைத் துளைக்க சாதாரண டிரில் பிட் எடுபடாது. பட்டறைக்காரர் சரியா செஞ்சார்: முறிஞ்ச முனை மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங். அந்தச் சூட்டுலயே பிடி விட்டு, ஆறினதும் ஸ்பேனருக்கு வந்துருச்சு. வரலைன்னா நடுவுல துளைச்சு 6.8 மி.மீ. வரைக்கும் அகலப்படுத்தி எம்8 டேப் போட்டு மறை வெட்டணும். நடு பிசகினா ஹெட் போச்சு. மேனிஃபோல்ட் முகத்துல ஸ்கேல் வச்சா நாலாவது ஓரத்துல 0.15 மி.மீ. ஃபீலர் (சந்தை அளக்கிற தகடு) நுழையுது. ஃபேஸிங் பண்ணி முகத்தைச் சமமாக்காம, இடையில வைக்கிற கேஸ்கெட்டை மட்டும் புதுசா போட்டா மாசத்துல திரும்பக் கசியலாம். "அதெல்லாம் வேணாம்ணே, பேஸ்ட் தடவிக்கலாம்"னாங்க பட்டறையில. வேணும்னு சொல்லியாச்சு.

இந்தச் செலவை மீதிப் பணத்துல கழிக்கணும். வித்தவங்க பதில் இன்னும் வரலை.

ஜனவரி 22, புதன்

நேத்து சாயங்காலம் மாட்டினாங்க. ஸ்டீல் கேஸ்கெட் புதுசு, ஸ்டட், நட் எல்லாம் புதுசு. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு, ரெண்டு சுத்தா, முறுக்கு அளவு பார்க்கிற டார்க் ரெஞ்ச்ல.

காலை 5.50. டிக் இல்லை.

டிரிம் இன்னும் +8. பழைய கணக்கை கம்ப்யூட்டர் மறக்க கொஞ்சம் ஓடணும். மேலூர் வரை போயிட்டு வந்து திரும்பச் சொருகிப் பார்க்கணும். 3-க்குக் கீழ இறங்கலைன்னா அடுத்த சந்தேகம் ஆக்சிஜன் சென்சார்.