குதிகாலால் சொறிகிறாள்

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

இரவு 1.40. அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறது, காய்ந்த சருகைத் தேய்ப்பதுபோல. பாப்பா தூக்கத்திலேயே வலது குதிகாலால் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கைகளுக்குப் பருத்தி உறை மாட்டியிருந்தோம். நகத்தை நேற்றுதான் ஒட்ட வெட்டினேன். காலாலும் சொறிவாள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கால் தளர்ந்தது. கையை எடுத்ததும் திரும்பத் தொடங்கினாள்.

இரண்டு வயதாக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் இந்த அழற்சி, கன்னத்தில் மட்டும் இருந்தது, இப்போது முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கணுக்கால் என்று இறங்கிவிட்டது. படங்களில் பார்ப்பதுபோல அது பளிச்சென்று சிவந்து தெரிவதில்லை. அவளுடைய மாநிறத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் இருக்கிறது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள். கண்ணை நம்பி இத்தனை நாள் ‘லேசாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்துவிட்டோம். இனி விரலை நம்ப வேண்டும்.

இதே நேரத்தில் இன்னொரு வீட்டிலும் யாரோ இப்படிக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

மூன்று மாதமாக நாங்கள் செய்தது குற்றவாளியைத் தேடும் வேலை. சோப்பை மாற்றினோம், சலவைத்தூளை மாற்றினோம், கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தோம், சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். நாளை தோல் மருத்துவரைப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 5, வியாழன்

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. “வாரத்துக்கு எத்தனை கிராம் மாய்ஸ்சரைசர் செலவாகுது?”

எங்களிடம் இருந்தது 50 கிராம் டியூப். ஒரு மாதம் வந்தது. அதைச் சொன்னதும் அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. உடம்பு பூராவும் வறண்டிருக்கும் சிறு குழந்தைக்கு வாரத்துக்கே 250 கிராமாவது வேண்டும், 500 வரைகூடப் போகலாம் என்றார். நாங்கள் ஒரு மாதத்தில் பூசியது இரண்டு நாளுக்குக்கூடக் காணாது!

காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். செல்கள் செங்கல், இடையிலிருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் செங்கல்களைத் திடமாக வைத்திருப்பதும், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பதும் ஃபிலாக்ரின் என்ற புரதம். எக்ஸிமா உள்ள பலருக்கு அதை உருவாக்கும் மரபணுவிலேயே குறை இருப்பது 2006-இல் தெரிய வந்தது. எல்லோருக்கும் அதுவே காரணம் என்று இல்லை. ஆனால் சுவரில் விரிசல் விழுந்திருப்பது எல்லோருக்கும் பொது. விரிசல் வழியே உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் தூசியும் வேர்வையும் சோப்பும் உள்ளே புகுந்து எரிச்சலூட்டுகின்றன. அரிக்கிறது, சொறிகிறாள், சொறிந்த இடத்தில் விரிசல் பெரிதாகிறது, இன்னும் அரிக்கிறது.

நாங்களோ உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், சுவரைப் பூசவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி மனைவி கேட்டாள். ஒன்றைச் சாப்பிட்டவுடன் தடிப்பு, வாந்தி, முகவீக்கம் ஏதாவது வந்திருந்தால் சோதிக்கலாம், வெறும் சந்தேகத்துக்காக வளரும் குழந்தையின் உணவை வெட்டக் கூடாது என்றார். நிறுத்தியதையெல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

புதுக் குளியல் முறை. தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். சாதாரண சோப்பு கிடையாது. சோப்பின் காரத்தன்மை ஒன்பது, பத்து பி.எச். வரை போகும், தோலுக்கு இயல்பானதோ ஐந்தை ஒட்டிய லேசான அமிலத்தன்மை. அதனால் வாசனை சேர்க்காத, நுரைக்காத கழுவும் திரவம்.

அதன் பிறகுதான் முக்கியமான நேரம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். தாமதித்தால் அந்த ஈரம் ஆவியாகும்போது தோலில் இருப்பதையும் கொண்டு போய்விடும். இத்தனை நாளும் துவட்டி, சட்டை போட்டு, தலை வாரி, கடைசியில்தான் கிரீமைத் தேடுவோம். இன்று டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவளைத் தண்ணீரில் விட்டேன்.

பூசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக நீவிவிட வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்களில் களிம்பு அடைத்து கொப்புளம் வரலாம். பூசி முடித்த பிறகும் தோல் பளபளவென்று இருந்தால் போதுமான அளவு. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கிறோம், விரலிலிருக்கும் கிருமி உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக.

பிப்ரவரி 7, சனி

கிரீம் பட்டதும் அலறினாள். சொறிந்து பிளந்த இடத்தில் எரிகிறது. அதுவரை ஆசையாக நீட்டிய காலை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். பார்க்க முடியவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டோம். லோஷனில் தண்ணீர் அதிகம், கிரீமில் அதைவிடக் குறைவு, களிம்பில் பெரும்பாலும் எண்ணெய்ப் பசைதான். தண்ணீர் இருந்தால் அது கெடாமலிருக்கச் சில பொருள்கள் சேர்க்க வேண்டியிருக்கும், பிளந்த தோலில் எரிவது பல நேரம் அவைதான். வெறும் பெட்ரோலியம் ஜெல்லிக்கு மாறச் சொன்னார்கள். பிசுபிசுக்கிறது, சட்டையெல்லாம் ஒட்டுகிறது, ஆனால் அழவில்லை. அது போதும் எனக்கு.

பிப்ரவரி 9, திங்கள்

அழற்சியை அடக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு டியூப் நான்கு நாளாகப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். முகத்துக்கு ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், கைகால்களுக்கு அதைவிடச் சற்று வீரியமானது. போனில் அம்மா, “பச்சைப் பிள்ளைக்கு ஸ்டீராய்டா? வேண்டாம்டா தம்பி, தோல் மெலிஞ்சிடும்னு சொல்றாங்க” என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

இன்று மாலை கணுக்காலில் ரத்தம் வரும்வரை சொறிந்துவிட்டாள். அதைத் துடைக்கும்போது மனம் மாறியது. மெலிவது உண்மைதான், வீரியமானதை மாதக்கணக்கில் விடாமல் பூசினால். குழந்தைக்குப் பொருத்தமான வீரியத்தில், அழற்சி இருக்கும் இடத்தில், சொன்ன நாள்வரை பூசுவது வேறு. பயந்து பயந்து கொஞ்சமாகத் தொட்டு வைத்தால் அழற்சி அடங்காது, நாள்தான் நீளும்.

அளவுக்கு ‘விரல்நுனி அளவு’ என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அவளுடைய ஒரு கால் முழுக்க, பாதத்தோடு சேர்த்து, இரண்டு விரல்நுனி அளவு. அம்மாவிடம் வீடியோவில் விரலை நீட்டிக் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றார். குரலில் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதற்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவே அரை மணி நேரம் விட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று பூசினால் மருந்து கரைந்து வேண்டாத இடத்துக்கும் பரவும்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று இரவு சத்தம் இல்லை.

நான் விழித்துக்கொண்டேன், பழக்கத்தில். 1.30, 2.15, 3.00. அவள் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மனைவியும் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று காலையில்தான் தெரிந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒரு எச்சரிக்கை, மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். இந்தப் பெட்ரோலியம் ஜெல்லிப் பசை ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாகப் பரவும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. அதனால் பாப்பாவையும் அவளுடைய போர்வையையும் அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் பக்கம் விடுவதில்லை. குளியலறைத் தரையும் வழுக்குகிறது, தினமும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

பிறந்தநாளுக்கு வந்த உறவினர் ஒருவருக்கு உதட்டோரம் அக்கிக் கொப்புளம். முத்தம் கொடுக்கக் குனிந்தார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது, தனியாக உட்கார வைத்து விளக்கினேன். அந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பெஸ் வைரஸ் எக்ஸிமா தோலில் இறங்கினால் வேகமாகப் பரவும். ஒரே மாதிரியான சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், குத்தி எடுத்ததுபோன்ற புண்கள், வலி, காய்ச்சல் என்று வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தோலில் நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலும் காட்ட வேண்டும், அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார், தூரத்தில் உட்கார்ந்தே அவளோடு பந்து உருட்டி விளையாடினார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

மார்ச் 8, ஞாயிறு

முழங்கால் மடிப்பில் வெளிறிய திட்டுகள். ஸ்டீராய்டுதான் தோலை வெளுக்க வைத்துவிட்டது என்று மனைவி நடுங்கிப் போனாள். அழற்சி ஆறிய இடத்தில் நிறம் இப்படிக் குறைவது வழக்கம்தான், கறுத்த தோலில் நன்றாகத் தெரியும், சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். தடவிப் பார்த்தேன். மிருதுவாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாகப் பாப்பாவுக்குச் சளி, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. தாடையும் கழுத்தும் சொரசொரப்பாகிவிட்டன. இடது கணுக்காலிலும் பழைய இடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரியாக இருந்திருந்தால் காலையிலிருந்து என்ன தொட்டாள், என்ன தின்றாள் என்று கணக்கெடுக்க உட்கார்ந்திருப்போம். இன்று மனைவி குளிப்பாட்டினாள், நான் டப்பாவோடு நின்றேன். எச்சில் படும் இடத்தில் ஜெல்லியைத் தடிமனாகப் பூசினோம், இனி சாப்பிடுவதற்கு முன்பும் பூச வேண்டும். பாப்பா தானாகவே இடது காலை நீட்டி, “இங்க, அப்பா” என்றாள். அரை மணி கழித்துக் கணுக்காலுக்கு அரை விரல்நுனி அளவு. டியூபின் மேல் இன்றைய தேதியை எழுதி வைத்தேன்.