ஸ்டேடியத்துக்கு இடம் தேடும் வேலை

வட இங்கிலாந்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நகரம் புதிதாகக் கால்பந்து ஸ்டேடியம் கட்ட நினைத்தால், கூட்டம் எப்படி வரும், எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் பிரிவின் பொறுப்பு. முதல் கூட்டத்திலேயே ஒளிரும் கூரையும் வளைந்த சுவருமாகப் படங்களை மேசையில் பரப்பிவிடுவார்கள். நான் கேட்பது வேறு. ஆட்டம் முடிந்த பிறகு இத்தனை பேரும் எந்தப் பக்கமாக வீட்டுக்குப் போவார்கள்?

வருகிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்வார்கள். போகும்போது எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். இருக்கையிலிருந்து எழுந்து வெளியேறும் வழிகளுக்குள் நுழைய அதிகபட்சம் 8 நிமிடம் என்று இங்குள்ள வழிகாட்டி நூல் சொல்கிறது. படிக்கட்டையும் வாசலையும் அகலமாக்கி அதைச் சாதித்துவிடலாம். ஆனால் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைக் கட்டடக் கலைஞரால் மாற்ற முடியாது. அது நிலத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே முடிவாகிவிடுகிறது.

நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம் பெரிய காலி நிலம் மலிவாகக் கிடைத்தது. அங்கே பக்கத்தில் வீடுகள் இல்லை, ஆட்சேபிக்க ஆளும் இல்லை. இன்னொரு நிலம் ஊருக்குள், பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த இடம். குறுகலானது, விலையும் அதிகம். கணக்குப் போட்டபோது மலிவான நிலத்துக்குத் தேவையான கார் நிறுத்துமிடம் மட்டுமே ஸ்டேடியத்தைவிடப் பல மடங்கு பரப்பைக் கேட்டது. அப்புறம் பேருந்துச் செலவு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அதுவும் வருடக்கணக்கில். நிலத்தின் விலையை ஒரு தடவை கொடுத்தால் போதும், தூரத்தின் விலையை ஒவ்வொரு வாரமும் ரசிகர்தான் கொடுக்கிறார் என்று அறிக்கையில் எழுதினேன். இன்றும் அதை மாற்றி எழுதமாட்டேன்.

இதைப் பேசும்போது எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் எவர்ட்டன். லிவர்பூல் நகரத்தின் இந்தக் கிளப் 1892 முதல் குடிசன் பார்க்கில் ஆடியது. சுற்றிலும் வீடுகள், ஒரு மூலையில் தேவாலயம். பெரிதாக்க வழியில்லை. முதலில் கிங்ஸ் டாக் என்ற பழைய கப்பல்துறை நிலத்தில் கட்டப் பார்த்தார்கள், பணம் திரட்ட முடியாமல் அது கைநழுவியது. அடுத்து நகர எல்லைக்கு வெளியே கிர்க்பியில், சூப்பர் மார்க்கெட்டோடு சேர்த்து ஒரு திட்டம் வந்தது. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் போராடினார்கள். 2009இல் அரசே அதை நிராகரித்தது. கடைசியாகத்தான் மெர்சி ஆற்றங்கரையில் 1848இல் திறந்த பிராம்லி-மூர் கப்பல்துறை அமைந்தது.

அந்த இடத்துக்கும் விலை உண்டு. துறையை நிரப்பக் கடலடியிலிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் கனமீட்டர் மணல் கொண்டுவந்தார்கள். 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த ஸ்டேடியமும் ஒன்று. எனக்கு அந்த இழப்பு உறுத்துகிறது. ஆனாலும் பாழடைந்து, பொதுமக்கள் நுழைய முடியாமல் கிடந்த கரைக்கு மக்கள் நடந்துபோகிறார்கள் என்பதையும் ஒதுக்க முடியவில்லை. பழைய துறைச் சுவர்களைக் காத்து, கீழ்ப்பகுதிக்கு செங்கல்லும் மேலே உலோகமும் கண்ணாடியுமாக வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வடிவம் அந்தக் கரைக்குத்தான் பொருந்தும். அருகிலுள்ள சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையம் சிறியது, அதனால் ஆட்டம் முடிந்ததும் அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடத்தைத் தேர்ந்தவர்கள் ரயிலுக்கும் அதே அளவு பணம் ஒதுக்க வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இடம் மட்டும் போதுமா? இத்தாலியின் டுரின் நகரம் போதாது என்று காட்டுகிறது. 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருந்தது. பார்வையாளருக்கும் பந்துக்கும் நடுவே அவ்வளவு தூரம். சுமார் 69,000 இருக்கைகளில் பல ஆட்டங்களுக்குப் பெரும்பகுதி காலி. யுவென்டஸ் கிளப் அதை இடித்து, அதே நிலத்தில் சுமார் 41,000 இருக்கைகளோடு ஓட்டப்பாதை இல்லாமல் 2011இல் புதிதாகத் திறந்தது. நிலம் மாறவில்லை, கூட்டம் நிறைந்தது. எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒன்று கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன். முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாகப் பந்து தெரிய வேண்டும் என்றால் படிகள் செங்குத்தாக வேண்டும், இங்கே 34 பாகைக்கு மேல் போகக் கூடாது. எவர்ட்டனின் தெற்குப் பக்க ஸ்டாண்ட் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. மேலிருந்து பார்த்தால்கூட ஆட்டம் காலடியில் நடப்பது போலிருக்கும்.

எங்கள் வேலையில் கடைசியாக வருவது, ஆனால் முதலிலேயே வர வேண்டியது, பழைய மைதானம். அதைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கடைகளும் ஆட்ட நாளை நம்பியே நடப்பவை. குடிசன் பார்க்கை இடிப்பதாகத்தான் திட்டம் இருந்தது. 2025 மே மாதம் ஆண்கள் அணி அங்கே கடைசியாக ஆடியது, அதன் பிறகு பெண்கள் அணி அதைத் தன் மைதானமாக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து நான் தயாரிக்கும் வரைபடங்களில், புதிய நிலத்தோடு பழைய மைதானத்தின் தெருக்களையும் கடைகளையும் சேர்த்தே வரைந்து கொடுக்கிறேன்.