அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி என் பேருக்கு வந்த கதை

வேதாரண்யம் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு வீடுகளில் குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக்குழல். கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காகத் தாத்தா பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வாங்கியிருந்தார். அவருக்கு அப்புறம் அப்பா. அப்பா போன பிறகு அதை என் பேருக்கு மாற்ற அலைந்ததையும், இந்த உப்புக்காற்றில் அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கப் படும் பாட்டையும் எழுதுகிறேன்.

"பழசுதானே, சுவரில் மாட்டிவிடு, யார் கேட்கப் போகிறார்கள்" என்று காரியத்துக்கு வந்தவர்களே யோசனை சொன்னார்கள். கேட்பார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்கு மட்டும். எங்களுடையது நன்றாகவே சுடும். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். சித்தப்பா இந்த விஷயத்தில் கறார். "தம்பி, பால் தெளிச்ச கையோட அதைக் கொண்டுபோய்க் குடுத்துடு. அப்புறம் உன் பேருக்கு மாத்திக்கலாம்" என்றார்.

கொடுப்பதற்கு முன்னால் திருச்சியில் ஆயுதக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெரியவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு பார்த்தியா?" பார்க்கும் விதத்தையும் சொன்னார். முதலில் கேப், அதாவது அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் குழலை யாரும் இல்லாத பக்கமாகத் திருப்பி, வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், கெட்டிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விட வேண்டும். வாய் விளிம்பு வரும் இடத்தில் கம்பியில் ஒரு அடையாளம். வெளியே எடுத்துக் குழலை ஒட்டிப் பிடித்தால் கம்பியின் நுனி ஏறக்குறைய கேப் உட்காரும் நிப்பிள் வரைக்கும் வர வேண்டும். எங்கள் கம்பி நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

அப்பா கெட்டித்து வைத்துவிட்டுச் சுடாமலே திரும்பியிருக்கிறார். என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. கருமருந்து வருஷக்கணக்கில் கிடந்தாலும், நனையாத வரைக்கும் அதற்கு உயிர் உண்டு. வீட்டில் குழந்தைகள் அந்த பீரோவுக்குப் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சொன்னபடி குழலில் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டோம். நிலையத்தில் எழுதிக் கொடுத்து, கடிதம் வாங்கி, ஒரு காவலர் துணையோடு திருச்சிக்குக் கொண்டுபோனோம். கடைப் பெரியவர் நிப்பிளைக் கழற்றி அந்த வழியாகவும் தண்ணீர் விட்டார். திருகுமுனை வைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தார். முதலில் தேங்காய் நார் உருண்டை வந்தது, பின்னாலேயே கறுப்புக் குழம்பு. ரவை இல்லை, விரட்டுவதற்கான வெறும் மருந்துதான். நாரை மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். கந்தக வாடை அப்படியே இருந்தது.

துப்பாக்கி அந்தக் கடையிலேயே ரசீதோடு தங்கிவிட்டது. நான் காகிதங்களைத் தேடிக் கிளம்பினேன். வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த பத்திரம், உடல்நலம் மனநலம் இரண்டுக்கும் மருத்துவரின் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, நிலத்தின் சிட்டா. பிறகு போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை. இதில் விவரிக்க ஒன்றுமில்லை. நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர் பேரில் இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒரு கையெழுத்தில் முடிகிற பாதி வேலை, அவர் போன பிறகு பத்துப் பேர் கையெழுத்தாக வளர்ந்துவிடும்.

எனக்கு உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் வந்தது. உரிமத்தில் இருக்கும் எண்ணும் குழலில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். குழலிலோ எண் இருந்த இடம் முழுக்கத் துரு. எழுத்தர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும், எண்ணை அழித்தது தனிக் குற்றமாகிவிடும் என்று பெரியவர் எச்சரித்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவெல்லாம் சுற்றிவைத்து, காலையில் மூங்கில் சிம்பால் சுரண்டினார். ஒவ்வொரு இலக்கமாகத் தெளிந்து வந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். சாய்வெயிலில் பிடித்துப் பார்த்தபோது எட்டு. உரிமத்திலும் எட்டு.

உரிமம் ஐந்து வருஷத்துக்கு வந்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன்னால் மூன்று வருஷம்தான்.

இனிப் பராமரிப்பு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் குழல் வாயில் செம்பழுப்பு தெரியும். அதனால் சுட்ட அன்றைக்கே கழுவியாக வேண்டும். நிப்பிளைக் கழற்றி, குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் நிறுத்திக் கம்பியில் துணி சுற்றி ஏற்றி இறக்கினால் பம்புபோலத் தண்ணீர் உள்ளே போய் வரும். முதல் தண்ணீர் மைக்கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். என் மனைவி அந்த வாளியைத் தோட்டத்துக்கு நாடு கடத்திவிட்டாள். கொஞ்சம் சோப்பு, அப்புறம் வெந்நீர். வெந்நீர் பட்ட இரும்பு சீக்கிரம் காய்ந்துவிடும். துணி வெள்ளையாக வெளியே வரும் வரைக்கும் துடைத்து, சூடு ஆறுவதற்குள் மெஷின் ஆயில் தடவிவிடுவேன். எண்ணெய் போட்டாயிற்றே என்று மறந்துவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி மழையிலும் வெயிலிலும் கிடக்கிறதே, அதுவும் வாய்வழியாகக் கெட்டிப்பதுதானே என்று பெரியவரிடம் கேட்டேன். "அதோட கனத்தைப் பாரு, உன் குழலோட கனத்தைப் பாரு" என்றார்.

சுடுவது ரொம்பக் குறைவு. இந்த வகைத் துப்பாக்கிக்கென்று வெளிநாடுகளில் உலகப் போட்டியே நடக்கிறது. இங்கே நான் கேட்ட சுடுதளத்தில் கருமருந்துப் புகையை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்தும் உரிமத்தில் எழுதிய அளவுதான் கிடைக்கும். கொல்லையில் பன்றி இறங்கும் நாட்களில் வானத்தைப் பார்த்து ஒரு வெற்று வேட்டு, அவ்வளவுதான். குதிரை என்கிற சுத்தி விழுந்து, கேப் வெடித்து, அப்புறம்தான் மருந்து பிடிக்கும். அந்த இடைவெளி காதுக்குத் தெரியும்.

தேர்தல் வந்தால் மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கொடுத்த இடத்தில் ஈரச் சுவரோரம் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். குழல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. இப்போதெல்லாம் சாக்கோ துணியோ சுற்றுவதில்லை, ஈரத்தை அதுதான் பிடித்துவைக்கிறது. கெட்டியாகக் கிரீஸ் தடவி, கம்பியை உள்ளே விட்டு காலி என்று அவர்கள் கண்முன்னாலேயே காட்டி, எண்ணோடு துப்பாக்கியின் நிலையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.