எல்க் முன்னாடி கை நடுங்கும்போது

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செப்டம்பர் சாயங்காலம் நான் ஒரு மானை அம்பால அடிச்சு காயப்படுத்திட்டு அதைத் தொலைச்சுட்டேன். இதுவரைக்கும் எங்கயும் இதை எழுதுனதில்ல. போன சீசன்ல நடந்ததை எழுதணும்னு உக்காந்தேன், ஆனா அந்த மானைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாதுன்னு புரிஞ்சுது.

இடம் கொலராடோ, ராக்கி மலையோட மேற்குப் பக்கம், ஏறக்குறைய 9,000 அடி உயரத்துல ஆஸ்பென் மரமும் சேஜ் புதரும் சேர்ற ஒரு சரிவு. மியூல் டீர்னு சொல்ற வகை, காது ரெண்டும் கழுதைக் காது மாதிரி பெருசா இருக்கும், அதான் அந்தப் பேரு. நல்லா வளந்த ஆண் மான், 38 யார்டு தூரத்துல பக்கவாட்டா நின்னு மேஞ்சுட்டு இருந்துச்சு. வீட்டுப் பின்னாடி 40 யார்டுல நான் அஞ்சு அம்பு விட்டா அஞ்சும் ஒரு டீ சாசருக்குள்ள நிக்கும், அதனால எனக்கு சந்தேகமே வரல. வில்லை இழுத்தேன், அதுக்கப்புறம் நடந்தது எனக்கு ஞாபகத்துலயே இல்ல, நிஜமாவே இல்ல, நாண்ல இருக்குற பீப்ங்கற குறி பாக்குற ஓட்டை வழியா பாத்தேனான்னு தெரியல, குறி வைக்கிற பின் ஊசி எங்க நின்னுச்சுன்னு தெரியல, நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள்ள கேட்டுச்சு, பழுப்பா ஏதோ தெரிஞ்சுது, நாணை விடுற ரிலீஸ் கருவியோட டிரிக்கரை விரல் குத்திடுச்சு. அம்பு ரொம்பப் பின்னாடி, வயித்துல பட்டிருந்துச்சு.

அம்பை எடுத்து மோந்து பாத்தாலே தெரிஞ்சுடும். பச்சையா, நாத்தமா இருந்தா வயிறு, எட்டு மணி நேரமாவது அந்தப் பக்கமே போகக்கூடாது, ஏன்னா மான் கொஞ்ச தூரம் போய் படுத்துக்கும், நம்ம விட்டுட்டா அங்கயே செத்துப்போகும். நான் இருபது நிமிஷத்துலயே கிளம்பிட்டேன். புதருக்குள்ள படுத்திருந்தது எந்திரிச்சு ஓடுற சத்தம் கேட்டுச்சு, அவ்ளோதான், அதுக்கப்புறம் ரத்தத் துளி கூட கிடைக்கல. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தேடினேன், மறுநாள் முழுசும் தேடினேன், எங்கயாவது அண்டங்காக்காவோ மேக்பையோ கூட்டமா சுத்துதான்னு வானத்தையே பாத்துட்டு நடந்தேன். காயம்பட்ட மிருகத்தை முடிஞ்ச வரைக்கும் தேடணும்னு இங்க சட்டமே இருக்கு, ஆனா அன்னைக்கு என் மண்டையில சட்டம் எதுவும் ஓடல. கிடைக்கல. அந்த வருஷத்து டேக்கை, அதான் ஒரு மானை எடுக்கக் குடுக்குற அனுமதிச் சீட்டை, எடுத்து உள்ள வச்சுட்டேன், அந்த மான் செத்திருக்கும், என் கணக்கு முடிஞ்சுதுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

மிருகத்தைப் பாத்ததும் இப்படி நெஞ்சு அடிச்சு கை தடுமாறுறதுக்கு இங்க பக் ஃபீவர்னு ஒரு பேரு வச்சிருக்காங்க, ஏதோ எல்லாருக்கும் வந்துட்டுப் போற சளி மாதிரி பேசுவாங்க, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கல. உடம்புல நடக்குறது இதுதான்: அட்ரினலின் ஏறும்போது பெரிய தசைக்கு ரத்தம் பாயும், விரல் நுனியோட நுணுக்கமான கட்டுப்பாடு போயிடும், பார்வை குறுகி ஒரு குழாய்க்குள்ள பாக்குற மாதிரி ஆகிடும், காது மந்தமாகும், நேரக் கணக்கே குழம்பிடும். புலி கிட்டயிருந்து ஓடுறதுக்கு இது நல்ல ஏற்பாடு. அரை அங்குலம் கூட அசையாம நின்னு விரலை மெதுவா நகத்துறதுக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இல்ல.

ரைஃபிளா இருந்தா கொஞ்சம் தப்பினாலும் தாங்கும்னு சிலர் சொல்றதைக் கேட்டிருக்கேன், அதுல எனக்கு முழு சம்மதம் இல்ல, ஆனா வில்லுல கண்டிப்பா தாங்காது. அம்பு அதிர்ச்சியில கொல்லாது, ரத்தம் வெளியேறித்தான் கொல்லும், பிராட்ஹெட்னு சொல்ற பிளேடு முனை ரெண்டு நுரையீரலையும் அறுத்துட்டுப் போனா மான் சில செகண்டுல விழுந்துடும், ஒரு ஜாண் பின்னாடி போச்சுன்னா பல மணி நேரம் வேதனை. என் வில்லுல அம்போட வேகம் செகண்டுக்கு 270 அடி, 30 யார்டு போறதுக்கு மூணுல ஒரு பங்கு செகண்டு ஆகும். நாண் விடுற சத்தம் அதுக்கு நாலு மடங்கு வேகத்துல முன்னாடியே போய்ச் சேர்ந்துடும். அந்த இடைவெளி கால் செகண்டு. பதட்டமா இருக்குற வெள்ளைவால் மானுக்கு அது போதும், ஓடுறதுக்கு முன்னாடி காலை மடக்கி உடம்பைக் கீழ இறக்கும், நம்ம நெஞ்சுக்குக் குறி வச்ச அம்பு முதுகுக்கு மேல போகும். எல்க்கும் மான் இனந்தான், பெரிய உடம்பு, அவ்ளோ சட்டுனு இறங்காது, ஆனா அதுக்காக தூரத்தைக் கூட்டிக்கறது எனக்கு ஒப்பல. பலகையில 60 யார்டு அடிப்பேன், உயிருள்ளதுக்கு 35 தான், அதுக்கு மேல கையே தூக்கறதில்ல.

இந்த இடத்துல எனக்கு இஷி ஞாபகம் வருவாரு. 1911ல கலிஃபோர்னியாவுல காட்டுலேர்ந்து தனியாளா வெளிய வந்த யாஹி இனத்துக்காரர், சான் ஃபிரான்சிஸ்கோவுல சாக்ஸ்டன் போப்ங்கற டாக்டர் அவர்கிட்ட வில் வித்தை கத்துக்கிட்டாரு, இன்னைக்கு அமெரிக்காவுல இருக்குற வில் வேட்டை பெரும்பாலும் அங்கேர்ந்து கிளைச்சதுதான். தூரத்துல வச்ச பெரிய டார்கெட்டுல இஷி பெருசா ஜெயிக்கல, ஆனா பத்து இருபது யார்டுல சின்னப் பொருளை அடிக்கறதுல அவர் கெட்டி, ஏன்னா கிட்டப் போறதுதான் அவருக்கு வேட்டை.

சரி, என் கதைக்கு வரேன். அந்த சீசன் முடிஞ்சதும் நாலஞ்சு வீடு தள்ளி இருக்குற ஒரு பெரியவர்கிட்ட போனேன், நாப்பது வருஷத்துக்கு மேல வில்லோட மலையில திரிஞ்சவர். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் வில்லைப் பத்தி, அம்பைப் பத்தி எதுவும் கேக்கல, ஒரே கேள்விதான் கேட்டாரு: விடறதுக்கு முன்னாடி உனக்குள்ள என்ன பேசிக்கிட்ட? நான் முழிச்சேன். எதுவும் பேசல, மண்டைக்குள்ள வெறும் இரைச்சல்தான் இருந்துச்சு. அப்ப அந்த இரைச்சல்தான் அம்பை விட்டுச்சு, நீ விடலன்னாரு.

அமைதியா இருக்கப் பழகுன்னு சொல்ற ஆளுங்க நிறைய இருக்காங்க, அது நடக்காத காரியம், நெஞ்சு அடிக்கத்தான் செய்யும், அடிக்கலன்னா இதை விட்டுடறது மேல்னு நான் நினைக்கிறேன். நெஞ்சு அடிக்கும்போது எதை வச்சு வேலையை நடத்துறதுங்கறதுதான் கேள்வி, பெரியவர் சொன்ன வழி வார்த்தை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை, உதடு அசையச் சொல்லணும், அந்த வார்த்தை ஓடுற வரைக்கும் இரைச்சலுக்கு இடம் இருக்காது. அவர் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்தாரு, நானும் ஒரு மாசம் அப்படியே சொல்லிப் பாத்தேன், ஒட்டவே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, பயத்துல எனக்கு தமிழ்தான் வரும்னு. அதனால என் வரிசை இது: தோளு. பீப்பு. ரோமம். இழு, இழு, இழு. மூணாவது வார்த்தை எதுக்குன்னா, மொத்த மிருகத்தையும் பாத்தா எங்கயுமே பாக்காத மாதிரி, தோளுக்குப் பின்னாடி ஒரு ரோமக் கத்தையை மட்டும் பாக்கணும். கொம்பை ஒரே ஒரு தடவை பாத்துக்கலாம், அதுவும் சட்டத்துக்காக, இங்க நிறைய ஏரியாவுல ஆண் எல்க்னா ஒரு பக்கக் கொம்புல நாலு கிளையாவது இருக்கணும், இல்லன்னா நெத்திக் கிளை அஞ்சு அங்குலமாவது இருக்கணும். பாத்தாச்சா, அதோட கொம்பை மறந்துடணும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் டார்கெட்டுக்குக் குறி வைக்கவே இல்ல. மூணு யார்டு தூரத்துல ஒரு பெரிய மூட்டை, கண்ணை மூடிக்கிட்டு இழுக்கறது, வார்த்தையைச் சொல்றது, முதுகை இறுக்கி இறுக்கி எப்ப ரிலீஸ் விடும்னு எனக்கே தெரியாம விட வைக்கிறது. விரல்ல அமுக்குற ரிலீஸைத் தூக்கி வச்சுட்டு முதுகால இழுத்தா சுழண்டு விடுற கீல் டைப்புக்கு மாறினேன், ஏன்னா என் வியாதி விரல்ல இருந்துச்சு, பின் ஊசி குறியைத் தொட்ட மாத்திரத்துல விரல் குத்தும், டார்கெட் பேனிக்னு இதைத்தான் சொல்றாங்க. ரெண்டு மாசம் கழிச்சுதான் கண்ணைத் திறந்து அடிச்சேன். அப்புறம் கோடையில தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அம்பு. படிக்கட்டுல நாலு தடவை ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க ஒரு அம்பு, அதோட முடிஞ்சுது. காட்டுல ரெண்டாவது அம்பு கிடைக்காதுல்ல. இது எல்லாத்தையும் விட எனக்கு உதவினது வேற ஒண்ணு. அஞ்சு தடவைக்கு ஒரு தடவை முழுசா இழுத்துப் பிடிச்சுட்டு, வார்த்தையெல்லாம் சொல்லிட்டு, விடாம மெதுவா இறக்கிடுவேன். விடாம இருக்கறதையும் கை கத்துக்கணும், இதை யாரும் சொல்லித் தரல, அந்த மானை நினைச்சு நானே சேத்துக்கிட்டது.

போன செப்டம்பர்ல நானும் என் ஃபிரண்டும் போனோம். எல்க் சீசன்ல ரெண்டு பேரா போறது நல்லது, ஒருத்தன் பின்னாடி உக்காந்து பெண் எல்க் மாதிரி குரல் குடுப்பான், ஆண் அவனைத் தேடி வரும்போது நடுவுல இருக்குறவனைத் தாண்டித்தான் போகணும். செப்டம்பர் நடுவுலேர்ந்து அதுங்க இணை சேர்ற நேரம், ஆண் எல்க் கூப்பிடுற அந்த பியூகிள் சத்தம் முதல்ல கனமா ஆரம்பிச்சு விசில் மாதிரி ஏறி, கடைசியில இருமல் மாதிரி முடியும், கிட்டக்கக் கேட்டா வயித்துக்குள்ள அதிரும். காலையில குளிர் காத்து மலையிலேர்ந்து கீழ இறங்கும், வெயில் ஏறினதும் மேல ஏற ஆரம்பிக்கும், அந்த மாற்றத்துக்குள்ள வேலை முடியணும், இல்லன்னா நம்ம வாசனை நேரா அது மூக்குக்குப் போயிடும்.

ஏழே முக்கால் மணிக்கு வந்துச்சு. ஆறு கிளைக் கொம்பு. அது தலை மரத்துக்குப் பின்னாடி போனப்ப இழுத்தேன். வெளிய வந்து 32 யார்டுல என்னை நேருக்கு நேரா பாத்து நின்னுடுச்சு. என் வில்லை இழுக்க 62 பவுண்டு விசை வேணும், ஆனா காம்பவுண்ட் வில்லுல முழுசா இழுத்துட்டா கையில நிக்குறது பன்னெண்டு பவுண்டுதான். 1960கள்ல மிசௌரியில ஹோலெஸ் ஆலன்னு ஒருத்தர் வில்லு நுனியில சக்கரம் வச்சு இதைக் கண்டுபிடிக்காம இருந்தா என்னால அப்படி நின்னுருக்கவே முடியாது. ஒரு நிமிஷத்துக்கு மேல நின்னேன். தோளு, பீப்பு, ரோமம். மூணாவது வார்த்தையில நின்னுடுச்சு, ஏன்னா நான் பாக்க வேண்டிய ரோமம் அங்க இல்ல, முன்னாடி தெரியறது நெஞ்செலும்பும் தோள் எலும்பும்தான். நேரா நிக்குறப்ப நெஞ்சுக் குழியில அடிக்கிற அனுபவசாலிங்க இருக்காங்க, நல்லா கிட்டக்க இருந்தா மட்டும், எனக்கு அது வேண்டாம்னு வீட்டுலயே முடிவு பண்ணியாச்சு. கை நடுங்க ஆரம்பிச்சதும் இறக்கினேன். அசைவைப் பாத்துடுச்சு, கிளை முறியுற சத்தம், போயிடுச்சு.

ஃபிரண்டு ஓடி வந்தான். "ஏன்டா விடல?"

"நேரா நின்னுச்சுடா."

"முப்பது யார்டு தானடா!"

"நேரா நின்னுச்சு."

அவன் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் கோவமா இருந்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அது சந்தோஷமா வருத்தமான்னு இப்பவும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

ஆறு நாள் கழிச்சு சாயங்காலம், ஒரு சேத்துக் குட்டைப் பக்கம், அவன் எனக்குப் பத்தடி பின்னாடி இருந்தான். என்னோட டேக்ல ஆணோ பெண்ணோ எதை வேணாலும் எடுக்கலாம். ஒரு பெண் எல்க் தனியா வந்துச்சு, கூட குட்டி எதுவும் வரலன்னு நல்லா பாத்துக்கிட்டேன். 24 யார்டு, பக்கவாட்டா, லேசா அந்தப் பக்கம் திரும்பி. நெஞ்சு அன்னைக்கு மான் முன்னாடி அடிச்ச அதே அடி, கொஞ்சம் கூடக் குறையல. தோளு. பீப்பு. ரோமம், முன்னங்காலுக்குப் பின்னாடி சேறு காஞ்சு ஒட்டியிருந்த ஒரு கத்தை. இழு, இழு, இழு, இ… விட்டுடுச்சு. இந்தத் தடவை எல்லாம் ஞாபகம் இருக்கு, அம்போட பின் இறகு அந்தச் சேத்துக் கத்தைக்குள்ள மறைஞ்சது வரைக்கும்.

ஒரு அறுபது யார்டு ஓடி விழுந்த சத்தம் கேட்டுச்சு. கேட்டும் அரை மணி நேரம் உக்காந்திருந்தோம், வாட்சைப் பாத்துக்கிட்டே. அப்பதான் எனக்கு நடுக்கம் எடுத்துச்சு, தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியல. அம்புல இருந்த ரத்தம் வெளிர் சிவப்பா, நுரை நுரையா இருந்துச்சு. நுரையீரல்.

பெண் எல்க்குனா இருநூறு கிலோவுக்கு மேல இருக்கும், வண்டி நின்ன இடம் ரெண்டு மைல் தள்ளி. தோலை உரிச்சு நாலு காலையும் முதுகுக் கறியையும் உள் ஃபில்லெட்டையும் எடுத்து துணிப் பையில போட்டு மரத்துல தொங்கவிட்டு ஆற வச்சோம், செப்டம்பர்ல ராத்திரி குளிர்ந்தாலும் எலும்பை ஒட்டின கறி சீக்கிரம் கெட்டுடும். தின்னக்கூடிய கறியை விட்டுட்டு வந்தா இங்க குற்றம். தலையை சிடபிள்யூடி டெஸ்டுக்குக் குடுக்கத் தனியா எடுத்து வச்சேன், மான் எல்க் மூளையை அரிக்கிற நோய் அது, 1967லயே இதே கொலராடோவுல ஃபோர்ட் காலின்ஸ்ல அடைச்சு வளத்த மான்கள்ல முதல்ல கண்ணுல பட்டது, ரிசல்ட் வர்ற வரைக்கும் கறியை வீட்டுல யாருக்கும் குடுக்கறதில்ல.

ஹெட்லாம்ப் வெளிச்சத்துல வேலை நடந்துட்டு இருந்தப்ப அவன் கேட்டான், "டேய், நீ இழுத்துப் பிடிச்சிருந்தப்ப என்னமோ முணுமுணுத்தியே, என்ன சொன்ன?"

"இழுன்னு."

"எதை?"

"நடக்கும்போது சொல்றேன், அந்தப் பின்னங்காலைப் பிடி."